கல்லீரலில் சீழ்: குழாய் போட்டால் போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் போட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள். வயிற்றைத் திறக்காமல் முடியுமா? மயக்கம் கொடுப்பார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். கட்டி வயிற்றுக்குள் உடைந்துவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். மற்றபடி பெரும்பாலும் குழாயே போதும். முழு மயக்கம் பொதுவாகத் தேவையில்லை. தோலிலிருந்து கல்லீரலின் உறை வரை மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். வலி உணரும் இடம் அந்த உறைதான் என்பதால் அங்கே மருந்து சரியாக இறங்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி 18 கேஜ் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, கொஞ்சம் சீழை எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள். பிறகு ஊசி வழியே மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே பாதையை அகலப்படுத்திக் குழாயை ஏற்றுவார்கள். ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் ரத்தக்குழாய்களுக்காக வெளியிட்ட முறை இது. கம்பியை எடுத்ததும் குழாயின் நுனி பன்றிவால் போலச் சுருண்டுகொள்ளும். பிக்டெயில் என்ற பெயர் அதனால்தான். ‘மூச்சைப் பிடியுங்கள்’ என்றால் அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சோடு கல்லீரலும் மேலும் கீழும் நகரும்.

ரத்தம் உறையும் திறனையும் தட்டணுக்களையும் முன்பே பார்ப்பார்கள். அண்ணன் க்ளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து.

கேள்வி: கணவருக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதல் நாள் 300 மி.லி. சீழ் வந்தது. இரண்டு நாளாக எதுவும் வரவில்லை. ஆனால் மாலையில் காய்ச்சல் வருகிறது. கட்டி ஆறிவிட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை. சீழ் நின்று காய்ச்சல் தொடர்ந்தால், குழாய் அடைத்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளம்பும் முன் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கட்டுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, குழாயில் மாட்டியிருக்கும் மூன்று வழித் திருகான த்ரீவேயைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ‘ஆஃப்’ என்று எழுதிய கைப்பிடி எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்த வழி மூடியிருக்கும். குளித்துவிட்டு வரும்போது அது திரும்பிக்கொள்வது வெகு சாதாரணம்.

சீழ் கெட்டியானது, கழுவாவிட்டால் குழாய் அடைக்கும். வழக்கமாக 5 முதல் 10 மி.லி. சுத்தமான சலைனை (உப்புநீரை) நாளுக்கு 2, 3 முறை மெதுவாக உள்ளே செலுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு எழுதிக்கொடுத்த அளவே கணக்கு. சலைன் இறங்க மறுத்தாலோ, வலித்தாலோ, குழாயைச் சுற்றிக் கசிந்தாலோ அழுத்தாதீர்கள்.

பலர் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. 10 மி.லி. வீதம் மூன்று முறை செலுத்தினால் 30 மி.லி. உங்களுடைய தண்ணீர். பையில் 40 இருந்தால் உண்மையான சீழ் 10 மட்டுமே. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, இதைக் கழித்து எழுதுங்கள். கழித்த அளவு இரண்டு நாள் தொடர்ந்து 10 மி.லி.க்குக் கீழே இருந்து, காய்ச்சலும் விட்டு, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தால்தான் குழாயை எடுப்பார்கள்.

தோல் மட்டத்தில் குழாயின் மேல் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நகர்ந்தால் குழாய் உருவுகிறது என்று தெரியும். அதைத் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது. வெளியே இருந்த கிருமியும் சேர்ந்து போகும். பச்சை மஞ்சளாகப் பித்தம் வந்தாலோ, சிவப்பாக ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

குழாயை எடுப்பதையும் போட்ட இடத்திலேயே செய்துகொள்ளுங்கள். பல பிக்டெயில்களில் சுருளைப் பிடித்து வைக்க உள்ளே ஒரு நூல் இருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்தால் கல்லீரல் கிழிபடலாம்.

கேள்வி: எனக்கு அமீபாவால் சீழ்க்கட்டி வந்து குணமாகி இரண்டு மாதம். ஸ்கேனில் இன்னும் 4 செ.மீ. குழி தெரிகிறது. மறுபடி ஊசி போட்டுச் சீழ் எடுக்க வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: காய்ச்சலும் வலியும் இல்லாமல் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் வேண்டாம். குழி தூர்ந்துபோகப் பல மாதங்கள் ஆகலாம். வேறொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மெட்ரானிடசோல் முடிந்தபின் டைலாக்ஸனைடு போன்ற மாத்திரை தந்தார்களா? வழக்கமான அளவு 500 மி.கி., தினம் மூன்று வேளை, 10 நாள். மெட்ரானிடசோல் கல்லீரலில் இருக்கும் அமீபாவைக் கொல்லும். குடலில் தங்கியிருப்பதை முழுதாக ஒழிக்காது. அதற்குத்தான் டைலாக்ஸனைடு. தரவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.