கண்ணாடி வீடா, கல் வீடா: மலையில் விடுமுறைக்கு வீடு எடுக்கும் முன்

கேள்வி: குளிர்காலத் தொடக்கத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மலைப்பகுதியில் ஐந்து இரவுகள் வீடு எடுத்துத் தங்க நினைக்கிறோம். நான், கணவர், ஆறு வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2,700 மீட்டர் உயரத்தில், மலைமுகட்டில் இருக்கும் புது வீடு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், உயரமான மரக்கூரை, நடுக்கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை என்கிறார் வீட்டுக்காரர். இன்னொன்று 1,900 மீட்டரில், சிற்றூர் ஒன்றை ஒட்டிய பழைய கல் வீடு. தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல்கள். படத்தில் சுமாராகத்தான் தெரிகிறது, ஆனால் வாசல் வரை வண்டி போகும். கதகதப்பாகவும் நிம்மதியாகவும் இருக்க எதை எடுக்கலாம்?

பதில்: கல் வீட்டை எடுங்கள். அதற்கு முன் வீட்டுக்காரரிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவற்றைக் காரணத்தோடு சொல்கிறேன்.

மலை வீட்டை நாம் பகல் காட்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே போனபின் அதிக நேரம் இருக்கப்போவது இரவில். குளிர்காலத்தில் மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும். மாலையில் உள்ளே வந்தால், மறுநாள் வெயில் ஏறும் வரை கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம் அந்தச் சுவர்களுக்குள்தான். அதனால் ஒரு வீட்டைப் பற்றி நான் முதலில் கேட்பது இதுதான்: விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கையறையை எது சூடாக வைத்திருக்கிறது? இதற்கு வீட்டுக்காரரிடம் தெளிவான பதில் இல்லையென்றால், மற்ற வசதிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படத்தில் அழகாகத் தெரியும் இரண்டு விஷயங்கள் இந்த இடத்தில் எதிரிகள். ஒன்று உயரமான கூரை. சூடான காற்று மேலே போய் உச்சியில் தங்கிவிடும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் சோபா குளிர்ந்தே கிடக்கும். இன்னொன்று கண்ணாடிச் சுவர். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் இரவெல்லாம் சூடு அதன் வழியாகவே வெளியேறும். இரட்டைக் கண்ணாடியும் தரை வரை தொங்கும் கனமான திரையும் இருந்தால் பரவாயில்லை. தாழ்ந்த கூரையும் சின்ன ஜன்னலும் உள்ள பழைய வீடுகளை அப்படிக் கட்டியவர்களுக்குக் குளிரோடு வாழ்ந்த அனுபவம் இருந்தது.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே 800 மீட்டர் வித்தியாசம், அதாவது சுமார் ஐந்து டிகிரி. அதன்மேல் முகட்டில் அடிக்கும் காற்று வேறு. பள்ளத்தாக்கின் அடியில் காற்று இருக்காதே என்று நினைக்கலாம். ஆனால் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, அடியில் போய்த் தேங்கும். அடிமட்டத்தைவிடச் சற்று மேலே, சரிவின் இடைப்பகுதியில் உள்ள வீடுதான் பல இரவுகளில் வெதுவெதுப்பாக இருக்கும். கல் வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சரியான இடக்குறியைக் கேட்டு வாங்கி, கூகுள் எர்த்தில் படத்தைச் சாய்த்துப் பார்த்தால் சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, எதிரே எவ்வளவு உயர மலை நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுக்குத்தான் குளிர்கால வெயில் நிறையக் கிடைக்கும். தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுக்கு. 'காலையில் எத்தனை மணிக்கு வீட்டின் மேல் வெயில் விழும்?' என்று நேராகவே கேளுங்கள். அந்த வீட்டில் உண்மையிலேயே குளிர்காலத்தைக் கழித்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

கணப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திறந்த கணப்பு பார்க்கத்தான் இதம். அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, எரிவதற்காக அறைக் காற்றை இழுத்து மேலே அனுப்புவதால், கதவிடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கதவு போட்டு மூடிய இரும்பு அடுப்பு இதைவிடப் பல மடங்கு மேல். விறகு காய்ந்ததா என்பதும் முக்கியம். வெட்டி ஒரு வருடமாவது உலர்ந்த விறகாக இருந்தால் நல்லது. ஈர விறகில் புகைதான் மிஞ்சும். ஓர் இரவுக்கு எவ்வளவு விறகு வாடகையில் சேர்த்தி, நள்ளிரவில் தீர்ந்தால் எங்கே எடுப்பது என்றும் கேட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு கண்டிப்பான விஷயம். விறகு, கரி, கேஸ் எதை மூடிய அறைக்குள் எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு தூங்கலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு குளிரடித்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கையடக்கமாகவே கிடைக்கிறது. வீட்டில் இருக்கிறது என்று சொன்னாலும் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஆகியவை இந்த வாயுவின் அறிகுறிகள். உயரத்தால் வரும் நோய்க்கும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தான். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் வாயுவைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லாரையும் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிப்போய், மருத்துவ உதவிக்குப் போன் செய்யுங்கள். அடுப்பைச் சரிபார்க்கும் வரை திரும்பி உள்ளே படுக்க வேண்டாம்.

உயரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: சமவெளியிலிருந்து ஒரே நாளில் 2,700 மீட்டருக்குப் போய்ப் படுப்பதை நான் உங்கள் குடும்பத்துக்குச் சொல்லமாட்டேன். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போதுதான் உயர நோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. எல்லாருக்கும் வராது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குத் தனக்கு என்ன செய்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு இதயம், நுரையீரல் சம்பந்தமான தொந்தரவு ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. 1,900 மீட்டரில் இந்தக் கவலை மிகக் குறைவு.

அடுத்து, அந்தப் 'பத்து நிமிட நடை'. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றும் மலையில் நடப்பவர்கள் பயன்படுத்தும் கணக்குதான். இதன்படி 300 மீட்டர் தூரமும் 60 மீட்டர் ஏற்றமும் இருந்தால், நல்ல உடல்கட்டுள்ள ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அறுபது மீட்டர் என்றால் இருபது மாடி உயரம். பெட்டிகளோடு, இருட்டில், மூட்டுவலிக்காரர் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேதனை அதிகம். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, தன் கால்களை வைத்துச் சொல்கிறார். எப்போதும் நிமிடத்தைக் கேட்காமல் எத்தனை படி, எவ்வளவு ஏற்றம், கைப்பிடி உண்டா, இரவில் விளக்கு எரியுமா என்று கேளுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். சாதாரண அறை ஹீட்டர் 2,000 வாட் இழுக்கும். விளக்குக்கும் செல்போனுக்கும் வைத்திருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. ஆகவே 'பவர் பேக்கப் இருக்கிறது' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். கரண்ட் போனால் ஹீட்டர் ஓடுமா, எத்தனை அறையில், எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். ஹீட்டருக்குத் தனிக்கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெந்நீரிலும் இப்படித்தான். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடாக்கிய தண்ணீரை, 10 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் 25 லிட்டர் கிடைக்கும். ஒருவர் சிக்கனமாகக் குளிக்கலாம். அடுத்தவருக்குத் தண்ணீர் சூடாக 2,000 வாட் கீசரில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும். நான்கு பேர் காலையில் கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். இரவிலேயே இருவர் குளித்துவிட்டால் தீர்ந்தது.

சமையல் நீங்களே செய்வதாக இருந்தால் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 1,900 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பயறு வேக நேரம் பிடிக்கும்.

கல் வீட்டிலும் குறை உண்டு. தடித்த கல் சுவர் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் நீங்கள் போய் அடுப்பு மூட்டினால், முதல் இரவு முழுக்க அந்தச் சூட்டைச் சுவர்களே குடித்துவிடும். இரண்டாம் நாள்தான் இதமாகும். அதனால் நீங்கள் வருவதற்கு முந்தைய நாளே அடுப்பை மூட்டி, மெத்தைகளையும் கம்பளிகளையும் வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். வாடகையில் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். ஈரவாடை பழைய கல் வீடுகளின் பெரிய தொல்லை. மற்றவர்கள் எழுதிய அனுபவங்களைப் படிக்கும்போது, நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். கோடையில் தங்கியவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் குளிரைப் பற்றி எதுவும் சொல்லாது. கழிப்பறை, குளியலறைப் படங்கள் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் அவை முற்றத்துக்கு அப்பால் இருக்கலாம்.

சிற்றூர் பக்கத்தில் இருப்பதை நீங்கள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அந்த வீட்டின் பெரிய பலமாகத் தெரிகிறது. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு, வண்டி எடுக்க ஓர் ஆள். அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவில் எவ்வளவு நேரம் ஆகும், வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் செல்போன் சிக்னல் கிடைக்கிறது என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். மலைச்சாலையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, இருட்டும் முன் போய்ச் சேருகிற மாதிரி கிளம்ப வேண்டும்.

முன்பணம் கட்டும் முன், பனியாலோ மண்சரிவாலோ சாலை மூடினால் பணம் திரும்புமா, அல்லது தேதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது போதாது. பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால் இதே உயரத்தில் வேறு வீடு தேடுங்கள். கண்ணாடி வீடு, நீங்களும் கணவரும் மட்டும் கோடையில் போகும்போது அருமையாக இருக்கும். இந்த முறை, அம்மாவின் கட்டில் தரைத்தளத்தில், கழிப்பறையை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும் என்பதையும் வீட்டுக்காரருக்கு அனுப்பும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.