பழைய லெப்டொப், லினக்ஸ், அடிக்கடி போகும் கரண்ட்: மலைநாட்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி: "விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட நின்னு போச்சு, வீட்டுல இருக்கிறது பழைய மெஷின், என்ன போடலாம்?" அதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

ஹட்டன்: அண்ணா, கொழும்பிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் லெப்டொப் வந்துச்சு, 2 ஜிபி ராம். உபுண்டு போட்டேன், நகரவே மாட்டேங்குது. லினக்ஸ் பழைய மெஷினுக்கு நல்லதுன்னு சொன்னாங்களே?

லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2 ஜிபி தாராளம் தம்பி. உபுண்டுவோடு வரும் க்னோம் டெஸ்க்டொப்புக்கும் அதன்மேல் திறக்கும் பிரவுசருக்கும்தான் அது போதவில்லை. ராம் நிறைந்ததும் மிச்சம் ஸ்வப்புக்கு, அதாவது ராமுக்கு மாற்றாக ஒதுக்கிய இடத்துக்கு, போகிறது. ஸ்வப் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் என்றால் மவுஸ்கூட நின்றுவிடும்.

முதலில் டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' என்று தட்டிப் பாருங்கள். மேலே 32-பிட், 64-பிட் இரண்டும் வந்தால் டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையைப் போடலாம். இன்டெல் அட்டம் என்270 மாதிரி 32-பிட் மட்டும் உள்ள நெட்புக் என்றால் டெபியன் 13இல் அதற்கு இன்ஸ்டோலர் கிடையாது. டெபியன் 12 போடுங்கள், அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. ஆனால் பயர்பொக்ஸ் 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது, 144தான் கடைசிப் பதிப்பு. அந்த நெட்புக்கை இணையம் பார்க்க நம்ப வேண்டாம். பைதான் பழக, கடிதம் எழுத நன்றாகவே ஓடும்.

டெபியன் போடும்போது இரண்டு இடத்தில் கவனம். ரூட் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அங்கே பாஸ்வேர்ட் கொடுத்தால் உங்கள் கணக்குக்கு 'சூடோ' (நிர்வாகி) உரிமை கிடைக்காது. 'எனக்கு சூடோ வேலை செய்யல' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அடுத்தது, மென்பொருள் தெரிவுப் பட்டியலில் க்னோமை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்க்யூட்டி என்ற இலேசான டெஸ்க்டொப்பை மட்டும் வையுங்கள். டிக் போடவும் எடுக்கவும் ஸ்பேஸ் பார்.

போட்டு முடிந்ததும் 'இசட்ராம்-டூல்ஸ்' பக்கேஜை நிறுவி, 'இடிசி' அடைவுக்குள் 'டிஃபோல்ட்' அடைவில் உள்ள 'இசட்ராம்ஸ்வப்' கோப்பைத் திறந்து, 'அல்கோ' வரியில் இசட்எஸ்டிடி, 'பர்சன்ட்' வரியில் 50 என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். ராமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வப்பாக்கும் வேலை இது. டிஸ்க்கைத் தொடாததால் வேகம் தெரியும்.

காசு இருந்தால் எஸ்எஸ்டியும் ராமும் மாற்றலாம். டிடிஆர்2 லெப்டொப் ராமுக்கு 200 பின், டிடிஆர்3க்கு 204, ஒன்று மற்றதில் ஏறாது. கடைக்குப் போகுமுன் 'சூடோ டிஎம்ஐடிகோட்', அதற்குப் பின் 'ஹைபன் டி மெமரி' என்று தட்டி வகையைக் குறித்துக்கொண்டு போங்கள். இன்டெல் 945 சிப்செட் என்றால் 4 ஜிபி போட்டாலும் ஏறக்குறைய 3தான் தெரியும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிப்பு, பழைய ஹார்ட் டிஸ்க் 9.5. இடைவெளிக்குப் பிளாஸ்டிக் சட்டம் வைக்காவிட்டால் கனெக்டர் ஆடி, டிஸ்க் வந்து வந்து காணாமல் போகும்.

தலவாக்கலை: ஐயா, பின்னேரம் இடி மழைன்னா கரண்ட் போய் போய் வருது. பெட்டரி செத்த மெஷின். போன கிழமை 'இனிட்ராம்எஃப்எஸ்'னு எழுத்து வந்து அப்படியே நின்னுருச்சு.

பயப்பட வேண்டாம். டிஸ்க்கை கையால் சரிபார்க்கச் சொல்லி நிற்கிறது, அவ்வளவுதான். அந்தத் திரையிலேயே சற்று மேலே பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பெயர் இருக்கும், 'டெவ்' அடைவில் 'எஸ்டிஏ2' என்பது மாதிரி. 'எஃப்எஸ்சிகே', இடைவெளி, 'ஹைபன் ஒய்', இடைவெளி, பிறகு அந்தப் பெயரை முழுப் பாதையோடு தட்டுங்கள். முடிந்ததும் 'எக்ஸிட்'.

இனிமேல் தானாகவே திருத்த, க்ரப் (மெஷினைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் கர்னலுக்கான இயல்பு வரியில் 'எஃப்எஸ்சிகே புள்ளி ரிப்பேர் சமம் யெஸ்' சேர்த்து 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் உள்ள ஜேர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான் காக்கும். நீங்கள் சேமிக்காத பரீட்சைத்தாளை அது காக்காது. லிப்ரே ஒஃபிஸில் தானியங்கிச் சேமிப்பை 2 நிமிடத்துக்கு வையுங்கள்.

கரண்ட் போகாமலேயே இந்தத் திரை மறுபடி வந்தால் டிஸ்க் சாகிறது. டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை காட்டும் பட்டியலில் 'கரண்ட் பெண்டிங் செக்டர்' வரியின் கடைசி எண் பூச்சியம் இல்லையென்றால் அன்றைக்கே கோப்புகளை வேறிடத்துக்கு கொப்பி எடுங்கள்.

பெட்டரியை மாற்றுவதுதான் லெப்டொப்புக்கு மலிவான யுபிஎஸ். இடிக்கு யுபிஎஸ்ஸும் போதாது: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி பல வீடுகளில் டெலிபோன் செப்புக் கம்பி வழியாக ரவுட்டருக்குள் வந்து, அங்கிருந்து லேன் கேபிளில் மதர்போர்டுக்குப் போகிறது. பிளக்கைப் பிடுங்கும்போது அந்த இரண்டு வயர்களையும் பிடுங்குங்கள். எர்த் இல்லாத பிளக் பொயிண்டில் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டுவது வீண் செலவு.

பண்டாரவளை: லினக்ஸ் சலிச்சுப் போச்சு. ஓபன்பிஎஸ்டி போட்டுப் பார்க்க ஆசை. சரிவருமா?

பெட்டரி நல்லா இருக்கிறதா? அதுதான் என் முதல் கேள்வி. ஓபன்பிஎஸ்டி லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளம். அதன் எஃப்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு ஜேர்னல் கிடையாது. சொஃப்ட்டெப் என்று இருந்த வசதியும் 2023இல் 7.4 பதிப்போடு போய்விட்டது. கரண்ட் போனால் அடுத்த பூட்டில் எல்லாப் பார்ட்டிஷனையும் முழுதாகச் சோதிக்கும், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு நேரமெடுக்கும். பெட்டரி நின்றுபிடிக்கும் பழைய திங்க்பேட் லெப்டொப் இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

இன்ஸ்டோலர் கேட்பதற்கெல்லாம் எண்டர் தட்டினாலே பெரும்பாலும் போதும். டிஸ்க் கேள்வியில் மட்டும் நிதானம், 'ஹோல் டிஸ்க்' என்றால் விண்டோஸும் சேர்ந்து போகும். வைஃபை ஃபேர்ம்வேர் (கார்டை இயக்கும் சிறு மென்பொருள்) பல கார்டுகளுக்கு முதல் பூட்டில் இணையத்திலிருந்துதான் இறங்கும். வைஃபை வேலை செய்ய இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! அண்ட்ராய்ட் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் 'யுஆர்என்டிஐஎஸ்' என்று ஒரு நெட்வேர்க் கார்டாகத் தெரியும், அதில் இறக்கிக்கொள்ளலாம். புளூடூத் கிடையாது, 2014இலேயே எடுத்துவிட்டார்கள். உள்ளே போனதும் 'மேன் ஆஃப்டர்பூட்' படியுங்கள். இவ்வளவு ஒழுங்கான கையேடு லினக்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓபன்பிஎஸ்டி லினக்ஸின் ஒரு வகையா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இல்லை. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து பேர்க்லி பல்கலைக்கழகம் வழியாக வந்த கிளை பிஎஸ்டி. 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்தது ஓபன்பிஎஸ்டி. லினக்ஸ் கர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தனியாகப் புதிதாக எழுதினார்.

மஸ்கெலியா: ஒரே வகுப்பறையில ஆறு மெஷின், டேட்டா ஒரு டொங்கில்லதான். அப்டேட் போட்டா ரெண்டு நாள்ல டேட்டா முடிஞ்சுருது.

ஒரு மெஷினில் 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' நிறுவுங்கள். மற்ற ஐந்திலும் ஆப்ட்டின் (டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி) புரொக்ஸியாக அந்த மெஷினின் ஐபியையும் போர்ட் 3142ஐயும் கொடுங்கள். ஒரு பக்கேஜ் ஒருமுறைதான் வெளியிலிருந்து இறங்கும், மற்றவை உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும். ஆறிலும் ஒரே டெபியன் பதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயன் இல்லை. மூல முகவரிகள் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் கேஷ் ஆகாது, எச்டிடிபி என மாற்றுங்கள். பக்கேஜ்களின் கையொப்பத்தை ஆப்ட் தனியாகச் சரிபார்க்கிறது, அதனால் பயமில்லை.

பதுளை: சேர், பள்ளிக்கூடத்துப் பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில இருக்கு. லினக்ஸில திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எனக்குப் பழகினது ரெங்கநாதன் கீபோர்ட்.

கீபோர்ட் சுலபம்: 'ஐபஸ்-எம்17என்' நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழைத் தெரிந்தால் பட்டியலில் ரெங்கநாதன் இருக்கும். லொக் அவுட் செய்து வாருங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான் வேலை வாங்கும். அந்தக் கோப்புக்குள் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை அந்த எழுத்துரு 'தமிழ்' என்று வரைந்து காட்டுகிறது. பைதானின் 'ஓபன்-தமிழ்' நூலகத்தில் பாமினியை யுனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு சிக்கிக்கொள்ளும், ஏனென்றால் பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படுகிறது, யுனிகோடில் பின்னால் வருகிறது. இன்னொன்று, வினாத்தாளில் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் மாறி உளறலாகிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றுங்கள், பிறகு ஒருவர் கண்ணால் வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நானுஓயா: ஒவ்வொரு தடவையும் தேதி 2009க்குப் போயிருது, அப்டேட்டும் பிழை காட்டுது.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பெட்டரி முடிந்துவிட்டது. தேதி பின்னால் இருந்தால் 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் மறுக்கும், பிரவுசரும் சான்றிதழ் பிழை காட்டும். லெப்டொப்பில் பெரும்பாலும் வயர் வைத்த பெட்டரி, பிளக்கைப் பார்த்து வாங்குங்கள். தேதி சரியாகவும் நேரம் மட்டும் அரை மணி தள்ளியும் இருந்தால் அது வேறு சங்கதி: இலங்கை 1996இல் நேரத்தை முதலில் +6:30க்கும் பிறகு +6:00க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. மிகப் பழைய சிஸ்டங்களுக்கு இது தெரியாது.

நுவரெலியா: பனி ஈரத்துல மெஷின் கெட்டுப் போகுமா?

ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். மாதக்கணக்கில் பையில் கிடப்பதுதான் பூஞ்சணம் பிடிக்கும். குளிரில் கிடந்ததைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் கழித்து ஒன் பண்ணுங்கள்.

நோர்வூட்: அண்ணே, அவசர உதவி. பென்ட்ரைவுக்கு டிடி அடிக்கிறேன்னு விண்டோஸ் இருந்த டிஸ்க்குலயே அடிச்சுட்டேன். நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓதான். அக்காவோட படமெல்லாம் அதுக்குள்ள.

உடனே ஓஃப் பண்ணுங்க தம்பி, அந்த டிஸ்க்கில் இனி எதையும் எழுத வேண்டாம். டிடி கட்டளை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து மேலெழுதும். டெபியனின் சிறிய நிறுவல் கோப்பான நெட்இன்ஸ்ட் 1 ஜிபிக்கும் குறைவு, அழிந்தது டிஸ்க்கின் தொடக்கம் மட்டும். பார்ட்டிஷன்கள் எங்கே என்று சொல்லும் ஜிபிடி அட்டவணையின் பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் பூட் செக்டர் பிரதி பார்ட்டிஷனின் கடைசியில். கோப்புப் பட்டியல் வழமையாக பார்ட்டிஷனுக்குள் 3 ஜிபி தள்ளித்தான் தொடங்கும். ஆகவே பிழைக்க நல்ல வாய்ப்பு.

டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் மெஷினில் யுஎஸ்பி கேஸில் போடுங்கள், மவுண்ட் பண்ணாதீர்கள். அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு 'டிடிரெஸ்கியூ'வால் முழுதாக இமேஜ் எடுங்கள். பிறகு அந்த இமேஜில் 'டெஸ்ட்டிஸ்க்' ஓட்டி பழைய பார்ட்டிஷனைத் தேடி, 'பி' தட்டினால் கோப்புப் பெயர்கள் தெரியும், அங்கிருந்தே கொப்பி எடுக்கலாம். பெயர்கள் வராவிட்டால் 'ஃபோட்டோரெக்'. அது படங்களை மீட்கும், ஆனால் பெயரோ அடைவோ இல்லாமல்.

அடுத்த முறை டிடிக்கு முன் 'எல்எஸ்பிஎல்கே' இரண்டு தடவை: பென்ட்ரைவ் செருகுமுன் ஒன்று, செருகியபின் ஒன்று. இரண்டாவதில் புதிதாக வந்த பெயர்தான் பென்ட்ரைவ்.