காலனிய அமெரிக்காவில் அநாதைப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பியது தர்ம காரியமா, ஊரின் செலவைக் குறைக்கும் வழியா?

என்னைக் கேட்டால் முதலில் செலவு, அப்புறம்தான் தர்மம்.

ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு, அதற்கான பணம் ஊர்க்காரர்கள் கட்டும் வரியிலிருந்து வர வேண்டும் என்பது இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம். குடியேறியவர்கள் அந்த வழக்கத்தைக் கடல் தாண்டியும் கொண்டுபோனார்கள். அநாதை இல்லங்கள் அங்கே மிக அரிது. ஒரு பிள்ளையைக் கைவினைஞர் வீட்டிலோ பண்ணையிலோ ஒப்படைத்துவிட்டால் சோறும் துணியும் எஜமானர் பொறுப்பு, பிள்ளையின் உழைப்பு அவருக்குச் சொந்தம். பாஸ்டனில் ஏழைகள் மேற்பார்வையாளர்களும், வர்ஜீனியாவில் தேவாலய நிர்வாகிகளும் இதைச் செய்தார்கள். பெரும்பாலும் பையனுக்கு 21 வயதுவரை, பெண்ணுக்கு 18 வரை. அப்பா இறந்து, சொத்தும் இல்லையென்றால் அம்மா உயிரோடு இருக்கும்போதே பிள்ளையைப் பிரித்து அனுப்ப முடிந்தது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது அதுதான்.

ஐசையா தாமஸ் கதை அப்படிப்பட்டது. 1749இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். 1756இல், ஏழு வயதில், பாஸ்டன் மேற்பார்வையாளர்கள் அவரை செக்கரையா ஃபௌல் என்ற அச்சகக்காரரிடம் 21 வயதுவரை ஒப்படைத்தார்கள். என் அப்பா அச்சுக்கோர்ப்பவர் என்பதால் இந்த இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. எழுத்துப் பெட்டி எட்டாத அந்தக் குழந்தையைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்து, சரியாக வாசிக்கத் தெரியும் முன்பே ஈய எழுத்துகளைக் கோர்க்கவைத்தார்கள். எழுதப் படிக்கக் கற்றுத்தருவது எஜமானரின் கடமை. ஃபௌல் அதைச் செய்யவில்லை. பைபிளையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு பையன் தானே கற்றான். 1765இல், காலம் முடியும் முன்பே, அங்கிருந்து கிளம்பிவிட்டார். பின்னாளில் ‘மாசசூசெட்ஸ் ஸ்பை’ பத்திரிகையை நடத்தியவர், 1812இல் வுஸ்டரில் ‘அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி’ என்ற வரலாற்றுக் கழகத்தை நிறுவியவர் அவர்தான்.

இதைக் காட்டி ‘நல்ல ஏற்பாடுதானே’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர் முன்னேறியது அந்த ஏற்பாட்டால் மட்டுமல்ல, அது தராததைத் தானே தேடிக்கொண்டதாலும்தான். பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. வாசிப்பு, தையல், நூற்பு, வீட்டுவேலை, அவ்வளவுதான் பெரும்பாலும்.

நிறம் வந்துவிட்டால் நிலைமை இன்னும் கொடுமை. வர்ஜீனியாவின் 1705 சட்டப்படி, கறுப்பினத் தந்தைக்கும் திருமணமாகாத வெள்ளைக்காரத் தாய்க்கும் பிறந்த குழந்தை 31 வயதுவரை வேலைக்காரராக இருக்க வேண்டும். வாலிபம் முழுவதையும் பறித்துக்கொள்ளும் ஒன்றைத் தொழில் பயிற்சி என்று என்னால் ஏற்கவே முடியாது. 1765இல்தான் அந்த வயதை ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று குறைத்தார்கள்.