டீசல் வண்டியின் டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்), அதைச் சுற்றியிருக்கும் மேட்டை மாற்றியும் உலோகக் கூட்டுக்குள் ஆடுகிறதா?

இன்னும் தடித்த வெர்மிகுலைட் (சூட்டில் உப்பும் கனிமம்) மேட்டைத் திணித்தால் சரியாகாது. சூட்டில் உப்பாத, பாலிகிரிஸ்டலைன் அலுமினா இழை மேட்டுக்கு மாறுங்கள்.

வெர்மிகுலைட் விரிய சுமார் 300–350 டிகிரி செல்சியஸ் வேண்டும். நின்று நின்று ஓடும் டீசல் வண்டியில் புகைச்சூடு பெரும்பாலும் 200–300-ஐத் தாண்டாது. அந்தச் சூட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் கரிமப் பசை மட்டும் எரிந்துபோகும். மேட் உப்பாமலே தளர்ந்துவிடும். பெட்ரோல் வண்டியில் இதே மேட் நிற்கிறது, அங்கே சூடு அதிகம்.

உறுதிசெய்ய, ஆறிய கூட்டைக் கழற்றி ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கடகடத்தாலோ, மேட்டின் ஓரம் அரித்துக் குழி விழுந்திருந்தாலோ இதுதான் கோளாறு.

புதிய மேட்டுக்கு அடர்த்திக் கணக்கு முக்கியம். மேட்டின் சதுர மீட்டருக்கான கிராம் எடையை, ஃபில்டருக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் மில்லிமீட்டரால் வகுத்து, பிறகு 1000-ஆல் வகுங்கள். 1600 கிராம் மேட், 4 மி.மீ. இடைவெளி என்றால் கன செ.மீ.க்கு 0.4 கிராம். மேட் தயாரிப்பாளர் தரும் வரம்புக்குள் இது இருக்கவேண்டும்: கூடினால் ஃபில்டரில் விரிசல், குறைந்தால் மறுபடி ஆட்டம். கூடு முழு வட்டமாக இருப்பது அபூர்வம், அதனால் இடைவெளியை நாலைந்து இடத்தில் அளங்கள்.

பழைய மேட்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்த இழைத்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து, தூசி முகக்கவசம் போட்டே எடுங்கள்.