அமெரிக்கக் கடைகளில் மின்னணுப் பொருள் வாங்கி, பார்சல் ஃபார்வர்டிங் சேவை மூலம் இந்தியாவுக்கு வரவழைப்பது லாபமா?

விலை குறைவு என்பதற்காக என்றால் வேண்டாம். இங்கே கிடைக்கவே கிடைக்காத பொருள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஹெட்போன், ஆம்ப்ளிஃபயர், பழைய கேமரா லென்ஸ் என்று தேடி அலைகிற ஆசாமி நான். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இவற்றில் பாதியைக் கடையில் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த வழிக்கு வந்தேன். கேள்வி கேட்டவர் வாங்க நினைப்பது ஒரு ப்ளூடூத் ஹெட்போன். அவர், "அங்கே 200 டாலர், இங்கே 26,000 ரூபாய். நடுவில் இருப்பதெல்லாம் மிச்சம்தானே?" என்கிறார். அந்த மிச்சத்துக்குப் பங்காளிகள் நிறைய.

சேவை இயங்கும் விதம் எளிது. பதிவு செய்ததும் அமெரிக்காவில் ஒரு கிடங்கு முகவரியும் உங்களுக்கென்று ஓர் எண்ணும் தருவார்கள். கடைக்காரர் அங்கே அனுப்புவார். கிடங்கிலிருந்து டிஹெச்எல், ஃபெடெக்ஸ் போன்ற கொரியரில் உங்கள் வீட்டுக்கு வரும். கிடங்கு ஆரிகனிலோ டெலவேரிலோ இருந்தால் நல்லது. அந்த மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது. கலிபோர்னியா முகவரி என்றால் குறைந்தது 7.25 சதவீதம் பில்லிலேயே ஏறிவிடும். இந்தக் கதையில் உங்களுக்குச் சாதகமான கணக்கு அநேகமாக இது ஒன்றுதான்.

அடுத்தது பெட்டி. கொரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அமெரிக்கக் கடைகளுக்கு உள்ளூரில் அனுப்பிப் பழக்கம். 1.2 கிலோ ஆம்ப்ளிஃபயரை 40×30×30 பெட்டிக்குள் போட்டு, மீதி இடத்தைக் காற்றுப் பைகளால் நிரப்பிவிடுவார்கள். பெருக்கி வகுத்துப் பாருங்கள்: 7.2 கிலோ. அதே பொருளை 25×20×12 பெட்டிக்கு மாற்றினால் 1.2 கிலோ. காற்றுக்கு மட்டும் 6 கிலோ விமானக் கட்டணம்! ஆகவே கிடங்கில் பெட்டி மாற்றித் தரும் வசதிக்குச் சில டாலர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். வெளிப்பெட்டியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் உள்பெட்டியையும் தூக்கி எறிந்துவிட்டால் கண்ணாடிச் சாமானுக்குப் பாதுகாப்பு போய்விடும்.

இனி சுங்கம். பலர் தடுமாறும் இடம் இதுதான். வரி, பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு. அதன்மேல் அடிப்படைத் தீர்வை. இந்த இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைமேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரிக்கும் வரி என்று பொருள். சில ஆண்டுகளுக்கு முன் சொந்த உபயோகப் பொருளுக்குத் தீர்வை 35 சதவீதம், அந்தத் தீர்வையில் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, ஐஜிஎஸ்டி 28 சதவீதம். 10,000 ரூபாய் மதிப்புக்குப் போட்டால் 3,500, பிறகு 350. மொத்தம் 13,850 ஆகிறது. அதில் 28 சதவீதம் 3,878. ஆக வரி மட்டும் 7,728 ரூபாய். அதன்பின் விகிதங்கள் இறங்கியிருக்கின்றன. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் சமாசாரம் என்பதால் ஆர்டர் போடும் வாரத்தில் நடப்பு விகிதத்தைப் பார்த்துவிடுங்கள். கணக்குப் போடும் முறை மட்டும் அதேதான். இதற்குமேல் கொரியர்காரர், உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு என்று தனியாக ஒரு கட்டணம் போடுவார். ஆதார், பான் போன்ற ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வரும். அதற்குப் பதில் போடாதவரை பார்சல் விமான நிலையத்தில் தூங்கும்.

"மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்", "கிஃப்ட் என்று எழுதச் சொல்" என்று ஆலோசனை சொல்ல நண்பர்கள் வருவார்கள். கிஃப்ட்டுக்கு இருந்த வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டுவது சுங்கச் சட்டப்படி குற்றம், அபராதமும் பறிமுதலும் உண்டு. அதோடு, 300 டாலர் பொருளை 40 டாலர் என்று எழுதி அனுப்பி, வழியில் அது தொலைந்தால் காப்பீட்டுக்காரர் 40 டாலரைத்தான் நீட்டுவார். அவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது?

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல். அட்டையின் முகவரி திருச்சி, அனுப்பவேண்டிய முகவரி ஆரிகன் கிடங்கு என்றால், கடையின் மோசடித் தடுப்பு மென்பொருளுக்குச் சந்தேகம் வரும். பெரிய கிடங்குகளின் முகவரிகள் பல கடைகளுக்கு அத்துப்படி. ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள். அவர்களிடம் வாதாடிப் பயன் இல்லை. வேறு கடை பாருங்கள், அல்லது கிடங்குக்காரரே வாங்கித் தரும் சேவைக்குத் தரகு கொடுங்கள். நம் வங்கிகள் பலவும் அந்நியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை பிடித்து, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடுவதையும் கணக்கில் சேருங்கள்.

எதை வாங்கக்கூடாது? டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை. மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் செய்திக் கருவி, அங்கே சாதாரண விளையாட்டுச் சாமான் கடையில் தொங்கும். இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் வழக்கு. பவர் பேங்க் போன்ற தனி லித்தியம் பேட்டரிகளைப் பல கிடங்குகள் தொடவே மாட்டா. கருவிக்குள்ளேயே இருக்கும் பேட்டரிக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. லேப்டாப் இறக்குமதியை 2023-இல் கட்டுப்படுத்தியபோதும், கொரியரில் வரும் ஒரே ஒரு லேப்டாப்புக்கு உரிமத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். வரிக்கு விலக்கு இல்லை.

மின்சாரத்தைப் பலர் மறக்கிறார்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருக்கும். பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் ஆம்ப்ளிஃபயர்களில் பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் சுவரில் செருகிய வேகத்தில் புகை வரும். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வையுங்கள், அல்லது 230 வோல்ட் மாடல் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். கிடங்கில் பொருளைப் படம் எடுத்து அனுப்பும் வசதி இருந்தால் அந்தப் பின்பக்கச் சீட்டைப் படம் எடுக்கச் சொல்வேன். பொருள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. அங்கே விற்கும் மாடல் வேறாக இருக்கும் என்பதால்தான் ஐபோனும் வேண்டாம் என்கிறேன்: 14-ஆம் மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் செருகும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டும்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமே என்று தோன்றும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பதால், லேப்டாப்புக்கு அதுதான் நல்ல வழி. என்ன, அவர் பெட்டியில் மொத்தக் குடும்பமும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும்.

பழுதானால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பல நிறுவனங்களின் வாரண்டி விற்ற நாட்டுக்கு மட்டுமே செல்லும். திருப்பி அனுப்ப விமானக் கட்டணம் உங்கள் தலையில், கட்டிய சுங்கவரியைத் திரும்ப வாங்குவது ஒரு தனி நபருக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆகவே வாரண்டி இல்லாமலே அந்த விலைக்கு வாங்குவேனா என்று முதலில் பார்க்கிறேன். லென்ஸுக்கு ஆம் என்பேன். நீங்கள் கேட்ட ப்ளூடூத் ஹெட்போனை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.