குவார்ட்டர்பேக்காக ஆடிய மகன் பயிற்சியாளராக விரும்பினால்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில், தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக ஆடிவரும் உங்கள் மகன், இறுதியாண்டு முடிந்தவுடன் கணக்கியல் வேலைக்குப் போகாமல் உதவிப் பயிற்சியாளராக விரும்புகிறார் என்று கவலையோடு எழுதியிருந்தீர்கள். அவருடைய முடிவில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடுபவர்களில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரை போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அந்தக் கனவைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு ஆண்டுகளை இழக்கும் இளைஞர்கள் பலர் இருக்க, தாம் ஆட்டக்காரராக எதுவரை போக முடியும் என்று 22 வயதுக்குள் கணித்துவிட்டவரை அவசரக்காரர் என்று நான் கருதமாட்டேன்.

இந்தத் தொழில் எப்படி நடக்கும் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. கிளிஃப் கிங்ஸ்பரி டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் மைக் லீச்சின் கீழ் 2002 வரை குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2003-இல் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுமுறையில் எடுக்கும் தேர்வில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை 6-ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அதன்பின் பல அணிகள் மாறியும், என்.எஃப்.எல். லீக் ஆட்டங்களில் அவர் எறிந்த பந்துகள் இரண்டே இரண்டுதான். 2008-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில், ஆட்டப் பதிவுகளை அலசி அறிக்கை தயாரிக்கும் குவாலிட்டி கண்ட்ரோல் என்ற அடிமட்டப் பொறுப்பில் சேர்ந்தார். அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த கெவின் சம்லின் 2012-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, தாக்குதல் ஆட்டத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் கோஆர்டினேட்டராகக் கிங்ஸ்பரியைக் கூடவே அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே அவரிடம் பயின்ற ஜானி மான்சீல், முதலாமாண்டு ஆட்டக்காரர் ஒருவர் அதுவரை பெற்றிராத ஹைஸ்மன் விருதை, அதாவது கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, பெற்றார். அடுத்த ஆண்டு கிங்ஸ்பரி தாம் படித்த டெக்சஸ் டெக்கிலேயே தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அதற்குப் பிந்தைய பகுதியையும் நீங்கள் அறிய வேண்டும். பின்னாளில் என்.எஃப்.எல். நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் போன்ற ஒருவரை உருவாக்கியும், 35 வெற்றி, 40 தோல்வி என்ற கணக்கோடு 2018-இல் அவர் நீக்கப்பட்டார். உடனே என்.எஃப்.எல். அணியான அரிசோனா கார்டினல்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2023 ஜனவரியில் அங்கிருந்தும் நீக்கப்பட்டு, அந்த ஆண்டு ஒரு கல்லூரி அணியில் ஆய்வாளராகப் பணியாற்றிவிட்டு, 2024-இல் வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணியின் கோஆர்டினேட்டராகத் திரும்பினார். உச்சியைத் தொட்டவருக்கே நிலை இதுவென்றால், உதவிப் பயிற்சியாளர்களின் வேலை எவ்வளவு நிலையற்றது என்று நீங்களே ஊகிக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவரோடு வந்தவர்களும் பெரும்பாலும் வெளியேற வேண்டியிருக்கும். டிசம்பரில் வேலை போய், ஜனவரியில் வேறு மாநிலத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்வது இத்தொழிலில் வழக்கமான ஒன்று. உங்கள் கவலையில் நான் முழுமையாக உடன்படுவது இந்த இடத்தில்தான்.

கெல்லன் மோரை உங்கள் மகன் எடுத்துக்காட்டாகச் சொல்லக்கூடும். பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 50 வெற்றி, 3 தோல்வி என்ற அரிய சாதனையோடு ஆடிய அவர், என்.எஃப்.எல்.-இல் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்து, 2018-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியிலேயே குவார்ட்டர்பேக் பயிற்சியாளரானார். மறு ஆண்டே கோஆர்டினேட்டர், 2025-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவர் தந்தையும் பள்ளிப் பயிற்சியாளர்தான். இது விதிவிலக்கான பாதை. இதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பொதுவான பாதை கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்ற பொறுப்பில் தொடங்குகிறது. முதுகலை படித்துக்கொண்டே அணியில் பணியாற்ற வேண்டும். கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் ஏற்கும், கைக்கு வருவது சிறிய உதவித்தொகை மட்டுமே. ஆட்டப் பருவத்தில் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை எதிரணியின் பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை அது. குவார்ட்டர்பேக்காக இருந்தவருக்கு இதில் ஓர் இயல்பான முன்னுரிமை உண்டு: தாக்குதலில் நிற்கும் பதினொரு பேரும் என்ன செய்ய வேண்டும் என்பதையும், எதிரணி எப்படி அணிவகுத்திருக்கிறது என்பதையும் பந்து நகரும் முன்பே படித்தறியப் பழகியவர் அவர். ஆனால் தெரிந்திருப்பதும், பதட்டத்தில் இருக்கும் 18 வயதுப் பையனுக்குப் புரியும்படி சொல்லித்தருவதும் வேறு வேறு திறன்கள். இரண்டாவது திறன் தமக்கு இருக்கிறதா என்பதை அவர் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்; அணியில் புதிதாகச் சேர்ந்த குவார்ட்டர்பேக்குக்கு வாரந்தோறும் வெள்ளைப்பலகையில் பாடம் எடுக்கட்டும். அந்த மணிநேரங்கள் அவருக்குச் சலிப்பூட்டினால், இந்த வேலை வேண்டாம்.

முதுகலையில் எதைப் படிப்பது என்பதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். கல்வியியல் அல்லது கணக்கியலில் முதுகலை முடித்தால், கல்லூரி வாய்ப்புகள் வற்றிப்போகும் காலத்திலும் அவருக்கு வேறு கதவு திறந்திருக்கும். டெக்சஸில் அரசுப் பள்ளிப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் அப்பள்ளி மாவட்டத்தின் முழுநேரப் பணியாளர்கள். ஆசிரியர் சான்றிதழும் இருந்தால், பயிற்சியாளராகவே ஓரளவு நிலையான வாழ்க்கை அமையும். பள்ளிப் பயிற்சியாளர் வேலையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பயிற்சியாளருக்கு அங்கே கிடைக்கும் மரியாதையை நீங்களே நேரில் பார்த்திருப்பீர்கள்.

எனவே ஒரு காலவரம்பை இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள் என்பது என் ஆலோசனை. முதுகலைக்கான இரண்டு ஆண்டுகள், அதன்பின் மேலும் மூன்று ஆண்டுகள். அதற்குள், குவார்ட்டர்பேக் போன்ற ஏதேனும் ஓர் இடத்தில் ஆடுபவர்களைத் தனிப்பொறுப்பில் பயிற்றுவிக்கும் பதவி கிடைக்காவிட்டால், கணக்கியலுக்கோ பள்ளிக்கோ திரும்புவது. இந்தப் பருவம் முடிவதற்குள், தம் தற்போதைய கோஆர்டினேட்டரிடம் விருப்பத்தைச் சொல்லி, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் நடத்தும் மாநாட்டுக்குத் தம்மையும் அழைத்துச் செல்ல முடியுமா என்று அவர் கேட்கட்டும். கிராஜுவேட் அசிஸ்டென்ட் இடங்களில் பல, அங்கே நேரில் அறிமுகமாகிப் பேசியவர்களுக்கே போய்ச் சேருகின்றன.