டிரில், சம்பளம், கடன்: வாசகர் கேள்வி-பதில்

ஐரோப்பியப் படைகள் முந்தியதற்குக் காரணம் ரத்தம் அல்ல, பண்பாடு என்று நான் சொல்வதைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இவை.

கேள்வி: கி.பி. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றது ஏதென்ஸின் ஜனநாயகம்தானே?

முதலில், அது கி.மு. 480. ஓட்டுரிமை உள்ள ஏழைக் குடிமக்கள் துடுப்புப் போட்டார்கள், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கப்பல் கட்டக் காசு வந்தது லாரியம் சுரங்கத்து வெள்ளியிலிருந்து. பாரசீகக் கப்பல்களிலும் ஏராளமான கிரேக்கர்கள் இருந்தார்கள். ஒரு போரை வைத்து ஒரு நாகரிகத்துக்கே ஜாதகம் கணிக்காதீர்கள்.

கேள்வி: அன்று முதல் 2500 வருடமாக மேற்குதானே ஜெயிக்கிறது?

1241-ல் மங்கோலியர் போலந்திலும் ஹங்கேரியிலும் நடத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. 1683-ல்கூட ஒட்டோமான் படை வியன்னா வாசலில் நின்றது. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 400 வருடம். தரைப்போரில் அதற்கும் குறைவு.

கேள்வி: ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் 500 பேரோடு மெக்சிகோவைப் பிடித்தது எப்படி?

பிடிக்கவில்லை. 1521-ல் அவர் பக்கம் நின்ற ட்லாக்ஸ்காலா முதலிய உள்ளூர்ப் படையினர் பல்லாயிரம் பேர். முந்தின வருடமே பெரியம்மையும் வந்துவிட்டது.

கேள்வி: 1746 அடையாறு போரில் 1000 பிரெஞ்சுக்காரர்கள் ஆற்காட்டு நவாபின் 10,000 பேரை விரட்டினார்கள். ஐரோப்பியருக்குப் போர்க்குணம் பிறவியிலேயே உண்டா?

இந்தக் கேள்வி ஓயவே ஓயாது போலிருக்கிறது. அந்த 1000 பேரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள், ஐயா! தலைமை தாங்கிய பாரடிஸ் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். நவாபின் மகன் மஃபூஸ்கானின் படை எதிர்க்கரையில் நிற்க, இவர்கள் ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒரே நேரத்தில் சுட்டுவிட்டு, பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தி) பாய்ந்தார்கள். வேலை செய்தது டிரில், அதாவது எல்லோரும் ஒரே மாதிரி அசையப் பழக்கும் படைப்பயிற்சி.

அதன் கதையைக் கேளுங்கள். ரோமானியப் படை வரிசைகளைப் படித்த வில்லியம் லூயிஸ், 1594-ல் தன் உறவினரான டச்சுப் படைத்தலைவர் நாஸோ மாரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்வரிசை சுட வேண்டும். சுட்டவர்கள் பின்னால் போய் மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்குள் அடுத்த வரிசை சுட வேண்டும். 1607-ல் வந்த டச்சுப் பயிற்சிப் புத்தகத்தில் மஸ்கட் என்ற நீளத் துப்பாக்கிக்கு மட்டும் 40-க்கு மேல் படங்கள்: திரியை ஊது, மருந்தைக் கொட்டு, குண்டை இறக்கு என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று. முற்றுகை என்றால் அதே வீரன் மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். மானம் பார்க்கிற பிரபு இதற்கெல்லாம் வருவாரா?

வீரன் ஏன் ஒத்துக்கொண்டான்? சம்பளம் ஒழுங்காக வந்தது. டச்சு நாடு வியாபாரிகளின் குடியரசு. சம்பளம் கிடைக்காத ஸ்பானிய வீரர்கள் 1576-ல் ஆன்ட்வெர்ப்பையே சூறையாடினார்கள். 1694-ல் பிறந்த இங்கிலாந்து வங்கியின் முதல் வேலையே, பிரான்சோடு சண்டை போட அரசுக்கு 8 சதவீத வட்டியில் 12 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததுதான். பண்பாடு என்று நான் சொல்வது இந்தப் பழக்கங்களைத்தான். ரத்தத்தைச் சொல்லவில்லை. சிப்பாய்கள் டிரிலைச் சில வருடங்களிலேயே பழகிக்கொண்டார்கள்.

கேள்வி: வெடிமருந்து சீனாவுடையது. ஐரோப்பா முந்தியது ஏன்?

பக்கத்திலேயே எதிரிகள். ஒருவன் புதிதாக ஒன்று செய்தால் மற்றவன் அடுத்த போருக்குள் காப்பியடித்தாக வேண்டும். ஆனால் வரிசை மாறி எய்யும் முறையை வில்லாளிகளை வைத்துச் சீனர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

கேள்வி: 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்களே, உங்கள் வாதம் என்னாயிற்று?

மறுபடியும் ஒரே ஒரு போர்! சரி, அதன் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தீர்களா? பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயை வைத்தே மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பிய டிரில் சொல்லிக்கொடுக்க வைத்தார். டிலனாய் 1777-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறது. ஒருமுறை போய்ப் படித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.